ஆறாம் பத்தி

9 நவம்பர் 2010

மதிப்பிற்குரிய திருமதி வெர்னா ப்ரோகோப் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. 1975 முதல் 1995 வரை மாநிலத் தலைநகரில், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு வாரியத்தில் மனுப் பரிசீலகராக வேலை பார்த்தேன். இந்தக் கடிதத்தை வாரியம் எழுதச் சொல்லவில்லை. தொலைபேசிப் புத்தகத்தில் ‘எல். ப்ரோகோப்’ என்ற பெயர் 1988இல் இருந்த அதே முகவரியில் இருந்ததால் நானாக எழுதுகிறேன். இது நான்காவது வரைவு. முந்தைய மூன்றும் இதைவிட மோசமாக இருந்தன.

உங்கள் மூத்த மகன் டீன் 1986 ஆகஸ்டில், பௌலிங் விளையாட்டுக் கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவனால் அடித்துக் கொல்லப்பட்டார். அடக்கச் செலவுக்காக நீங்கள் கொடுத்த மனுவை 1988 மார்ச்சில் பரிசீலித்தவன் நான்தான். மனு நிராகரிக்கப்பட்டது. அதற்கு ஒரே காரணம், ஓராண்டுக் கெடு முடிந்து ஐந்து வாரம் கழித்து அது வந்ததுதான். ஆனால் உங்களுக்கு வந்த கடிதத்தில் வேறொரு காரணம் இருந்தது. ‘இறந்தவரின் சொந்த நடத்தையும் இத்தாக்குதலுக்குக் காரணமாக இருந்தபடியால்’ என்று தொடங்கும் பத்தி. அது உண்மையல்ல. உங்கள் மகன்மீது எந்தத் தவறும் இருந்ததாகக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் நிராகரிப்புக் கடிதங்களை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஆயத்தப் பத்திகள் ஒரு தாளில் எண்ணிட்டு இருக்கும். பரிசீலகர் கோப்பின்மேல் எண்ணை மட்டும் குறிப்பார். தட்டச்சர் அந்தப் பத்தியை எடுத்து அடிப்பார். அந்த மார்ச்சில் புதிய பத்தி ஒன்றை மூன்றாவதாகச் சேர்த்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஓர் எண் தள்ளிப்போயின. கெடு கடந்த மனுக்களுக்கான பத்தி அதுவரை ஆறு, அன்றிலிருந்து ஏழு. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய தாளே இருந்தது. நான் ஆறு என்று எழுதினேன். தட்டச்சர் கிளாடிஸிடம் புதிய தாள் இருந்தது. அதில் ஆறு என்பது நடத்தையைப் பற்றிய பத்தி.

என் மனைவி மார்லிஸ் 2008இல் இறந்தாள். அதன்பிறகு எனக்கு வேலை என்று எதுவும் இல்லை. பழைய நாட்குறிப்புகளை வரிசையாகப் படித்து வருகிறேன். எந்தக் கோப்புக்கு எந்த எண் என்று தினமும் குறித்துவைப்பது என் பழக்கம். சென்ற மாதம் தற்செயலாக அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அன்று பதினொரு கோப்புகள். ஆறு என்ற எண் ஒன்றில் மட்டும். மற்றவை ஒன்று, இரண்டு. அந்த எண்கள் மாறவில்லை.

வருந்துகிறேன். இந்தச் சொல் போதாது என்று தெரியும். வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. நீங்கள் பதில் எழுத வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஆர்லன் ஹௌகன்

---

20 நவம்பர்

மிஸ்டர் ஹௌகன்,

எல். ப்ரோகோப் என் கணவர் லாட். போய் நான்கு வருஷம் ஆகிறது. பெயரை எடுக்கச் சொல்லி நான் டெலிபோன்காரர்களிடம் சொல்லவில்லை. இங்கே ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று ஊருக்கு எதற்கு அறிவிப்பு?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்து வாரம் தாமதம் என்று எனக்கு அப்போதே தெரியும். அடக்கம் நடத்திக் கொடுத்தவர்தான் இப்படி ஒரு மனு போடலாம் என்று சொன்னார், அதுவும் ரொம்பத் தாமதமாக. கெடு முடிந்துவிட்டது என்று பதில் வரும் என எதிர்பார்த்துத்தான் அந்த உறையைப் பிரித்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை இப்போது ஏன் எழுதினீர்கள்? உங்களுக்குத் தூக்கம் வரவேண்டும் என்றா? வந்ததா?

வெ. ப்ரோகோப்

---

1 டிசம்பர் 2010

மதிப்பிற்குரிய திருமதி ப்ரோகோப் அவர்களுக்கு,

நேரடியாகக் கேட்டீர்கள். ஆம், தூங்கத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். உங்களுக்கு உதவுவதற்காக என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், ஆனால் அதைச் சொல்லும்போதே நம்பவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டபின் சில நாள் தூங்கினேன். உங்கள் பதில் வந்தபின் இல்லை. அது சரிதான்.

செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் இருந்த காலத்தில் இருந்தவர் எவரும் இப்போது அங்கே இல்லை. ஓர் இளைஞர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். நீளமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“சார், நீங்க இங்க ரிட்டயர் ஆனவரா? பென்ஷன் செக்‌ஷனுக்கு மாத்தவா?”

“இல்லீங்க, பென்ஷன் சரியா வருது. ஒரு பழைய லெட்டர்ல தப்பு இருக்கு. அதத் திருத்தி இன்னொரு லெட்டர் அனுப்பணும்.”

“எந்த வருஷம்?”

“எண்பத்தெட்டு.”

“ஐயோ சார். இருபது வருஷம் தாண்டின ஃபைல் எல்லாம் அரைச்சாச்சு. இல்லாத ஃபைல எப்படித் திருத்தறது?”

மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டினேன். கேட்டார். கோப்பு இல்லாததால் திருத்தம் தர இயலாது என்று சொன்னார். அந்தப் பையனின் குரலில் ஏளனம் இல்லை. “சாரி சார், நீங்க நல்ல மனுஷன் மாதிரி தெரியுது” என்றார். அதைக் கேட்டதும் தொலைபேசியைச் சட்டென்று வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாக நடந்துகொண்டோமோ என்று பிறகு வருந்தினேன்.

ஆக, உங்களிடம் இருக்கும் கடிதமும் என் நாட்குறிப்பும் தவிர இப்போது எங்கும் எதுவும் இல்லை. என்னால் ஆகக்கூடியது எதுவானாலும் சொல்லுங்கள்.

ஆர்லன் ஹௌகன்

---

14 டிசம்பர்

மிஸ்டர் ஹௌகன்,

ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் பத்தி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன். நீங்கள் கணக்காகக் குறித்து வைக்கிறவர், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். டீனுக்கு அப்போது இருபது. சின்னவன் ரேவுக்குப் பதினாலு. அன்றைக்கு ரேவும் கூட இருந்தான். அடித்த ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அதனால் விசாரணை என்று ஒன்று நடக்கவில்லை. கோர்ட்டில் யாரும் எதையும் சொல்லவில்லை. என் பிள்ளை எப்படிச் செத்தான் என்பதற்கு எங்களிடம் இருந்தது ரே சொன்னது மட்டும்தான்.

“அந்தாளு யார் மேலயோ கோவத்துல இருந்தான்மா. டீன் ஒரு வார்த்த பேசல. என் சட்டையப் புடிச்சி காருக்குள்ள தள்ளினான். திரும்பறதுக்குள்ள அந்தாளு அடிச்சிட்டான்.”

ஒன்றரை வருஷம் அதை நம்பினோம். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. லாட் சர்க்கரை ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அரசாங்கத் தாள் என்றால் அவருக்கு வேதம். அதை மேசைமேல் விரித்துவைத்து ரேவை உட்காரச் சொன்னார்.

“உன் அண்ணன் அந்தாள என்னடா சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

“ஸ்டேட்காரன் விசாரிக்காம எழுதுவானா? எத மறைக்கற?”

“நான் அங்க இருந்தேன். அவங்க இருந்தாங்களா?”

இது ஒரு நாளில் முடியவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் நடந்தது. லாட் டீனின் படத்தைக் கழற்றி வைத்தார். சனிக்கிழமைகளில் எங்கள் செக்காரர்கள் மன்றத்தில் போல்கா நடனம் ஆடப் போவோம், அதையும் நிறுத்தினார். “என் புள்ள சண்டைய விலைக்கு வாங்கிட்டான்” என்று ஆலையில் அவரே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பதினேழு முடிந்த மறுநாள் ரே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அவன் அப்பாவிடம் சொன்னது: “பொய் சொல்றவன் ஒருத்தன் இந்த வீட்ல இல்லாம போகட்டும்.”

இப்போது அலாஸ்காவில், மீன் பதனிடும் ஆலையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் கார்டு போடுகிறேன். பதில் வராது. போட்ட கார்டு திரும்பியும் வராது. அதனால் முகவரி சரி என்று தெரிந்துகொள்கிறேன். அவன் அப்பா போனதைக்கூட அப்படி ஒரு கார்டில்தான் எழுதினேன்.

லாட் கடைசி மூச்சுவரை அந்தக் கடிதத்தை நம்பினார்.

இப்போது நான் கேட்பது இதுதான். என் வார்த்தை ரேவிடம் செல்லாது. அரசாங்கம் எழுதித் தராது என்கிறீர்கள். நீங்கள் எழுதுங்கள். நடந்ததை எழுதி, சத்தியம் செய்து, முத்திரை போட்டு அனுப்புங்கள். நான் அதை அவனுக்கு அனுப்புகிறேன். எனக்கு எண்பத்தொரு வயது. எனக்கு இருக்கிற பிள்ளை அவன் ஒருத்தன்தான்.

வெ. ப்ரோகோப்

---

6 ஜனவரி 2011

மதிப்பிற்குரிய திருமதி ப்ரோகோப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குறித்துக்கொண்டேன். நீங்கள் சொன்னதால் மட்டும் அல்ல. நான் எழுதிய எண் ஒரு வீட்டுக்குள் போய் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தது என்று நான் நினைத்துப்பார்த்ததே இல்லை. பரிசீலகர்கள் நிராகரிப்புக் கடிதம் போய்ச்சேரும் இடத்தைப் பார்ப்பதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

உறுதிமொழிப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. அதை எழுத ஆறு நாள் ஆனது. வங்கியில் சான்றுறுதி அலுவலராக, அதாவது நோட்டரியாக, இருக்கும் பெண் முன்னால் கையெழுத்திட்டேன். கெல்சி என்று மேசையில் பெயர்ப் பலகை இருந்தது.

“வீடு விக்கிறீங்களா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப காரா?”

“ஒரு நம்பரத் தப்பா எழுதிட்டேன். அதுக்கு.”

அவள் தாளைப் பார்த்தாள். “எண்பத்தெட்டா? அப்ப நான் பொறக்கவே இல்ல!” என்று சிரித்து, அழுத்தி முத்திரை போட்டாள். பிறகு இரண்டாவது பக்கத்தைப் படித்தாள் போலிருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொள்ளவில்லை.

பனி அதிகம் என்பதால் அஞ்சல் நிலையத்துக்குப் போய்வர அரை நாள் ஆயிற்று. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பத்திரத்தில் ஏதாவது தெளிவில்லாமல் இருந்தால் எழுதுங்கள்.

ஆர்லன் ஹௌகன்

---

19 ஜனவரி

மிஸ்டர் ஹௌகன்,

பத்திரம் வந்தது. தெளிவாகத்தான் இருக்கிறது. பழைய தாள், புதிய தாள், ஆறு, ஏழு எல்லாம் புரிகிறது. சென்ற அக்டோபரில் தவறைக் கண்டுபிடித்ததாகச் சத்தியம் செய்திருக்கிறீர்கள்.

அனுப்புவதற்கு முன்னால் வாரியத்தின் பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடியில், இடது மூலையில், சின்ன எழுத்தில் ‘பிரதி: கோப்பு’ என்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததில்லை.

அந்தப் பிரதியைக் கோப்பில் வைத்தது யார்? வைக்கிறவர் அதைப் படிப்பாரா?

ரே கேட்பான். அதனால் கேட்கிறேன்.

வெ. ப்ரோகோப்

---

3 பிப்ரவரி 2011

திருமதி ப்ரோகோப் அவர்களுக்கு,

பிரதியைக் கோப்பில் வைப்பது பரிசீலகரின் வேலை. வைக்குமுன் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நான் விதிகளை மீறுகிறவன் அல்ல.

படித்தேன். 1988 மார்ச் கடைசி வாரத்தில், கடிதம் உங்களுக்குப் போய் எட்டு நாள் கழித்து, பிரதி என் தட்டுக்கு வந்தது. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து எங்கள் பிரிவுத் தலைவர் டன்லப்பின் அறைக்குப் போனேன். சின்னச் சின்னத் திருத்தங்களோடு அவர் முன்னால் போய் நிற்பது என் வழக்கம். அலுவலகத்தில் அதற்காக என்னைக் கேலி செய்வார்கள். அன்று அவர் அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். டன்லப் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“என்னப்பா ஆர்லன், இன்னிக்கு எந்தக் கமாவக் காணோம்?”

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

“ஒண்ணுமில்ல சார். காப்பித் தூள் தீந்துபோச்சு, அதான் சொல்லலாம்னு” என்றேன்.

இடத்துக்குத் திரும்பி வந்து எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எந்தப் பத்தி போனாலும் முடிவு நிராகரிப்புதானே, பெறுகிறவருக்கு என்ன வித்தியாசம் என்று. பிரதியைத் துளையிட்டுக் கோப்பில் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. மிரட்டியவர் யாரும் இல்லை. சொல்லியிருந்தால் டன்லப் எரிச்சல்பட்டிருப்பார். திருத்தக் கடிதம் மறுநாளே போயிருக்கும். எனக்கு நேர்ந்திருக்கக்கூடிய கெடுதல், இன்னொரு முறை சிரிப்பார்கள் என்பது மட்டும்தான்.

தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய். எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று எனக்கு எப்போதும் தெரியும். மார்லிஸிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை உட்காரவைத்து உங்களுக்கு எழுதச் சொல்லியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவள் போனபின் இரண்டு ஆண்டுகள், கேட்பதற்கு யாரும் இல்லாத வீட்டில், அந்தக் காப்பித் தூள் வாக்கியத்தை நான் பலமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதற்குப் பதிலாக வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று தேடுவேன். ஐந்தாறு வார்த்தை போதும்.

புதிய உறுதிமொழிப் பத்திரம் இணைத்திருக்கிறேன். எனக்கு அப்போதே தெரியும் என்பது அதில் இருக்கிறது. கெல்சி இந்தமுறை சிரிக்கவில்லை. பழைய பத்திரத்தைக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. எழுதி முடித்த பிறகுதான் இந்த வாக்கியத்திலேயே கேட்டுவிட்டேன் என்று தெரிகிறது. அதை அடித்துத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

ஆர்லன் ஹௌகன்

---

20 ஏப்ரல்

மிஸ்டர் ஹௌகன்,

உங்கள் பிப்ரவரிக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். ஒரு மாதம் அதைத் திரும்ப எடுக்கவில்லை. காப்பித் தூள்! கொலை செய்தவனைக்கூட நான் அப்படித் திட்டியதில்லை, உங்களைத் திட்டினேன். சமையலறையில் நின்று சத்தமாக, செக் மொழியில். லாட் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார், எனக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் தெரியுமா என்று.

மார்ச் முதல் வாரம் இரண்டு பத்திரங்களையும் ரேவுக்கு அனுப்பினேன். எதையும் கிழிக்கவில்லை. ஒரு மனுஷன் முதலில் எப்படி மறைத்தான், அப்புறம் எப்படிச் சொன்னான் என்று இரண்டையும் அவன் பார்க்கட்டும். நானாக ஒரு வரி சேர்க்கவில்லை. எழுதினால் கெஞ்சுவேன்.

ஆறு வாரம் ஒன்றும் இல்லை. போன சனிக்கிழமை மத்தியானம் டெலிபோன் அடித்தது.

“அம்மா.”

இருபத்திரண்டு வருஷம். குரல் அப்படியே லாட் குரல். நான் நாற்காலியைத் தேடினேன்.

“ரே.”

“பேப்பர் வந்துது.”

“வந்துதா.”

“யாரு இந்தக் கெழவன்?”

“தெரியாது. நான் பாத்ததே இல்ல.”

“அப்பா இதப் பாக்கலியே.”

“இல்லடா. அப்பா—”

“தெரியும். கார்டுல எழுதியிருந்தியே.”

படித்திருக்கிறான், மிஸ்டர் ஹௌகன். எல்லாவற்றையும் படித்திருக்கிறான்.

அப்புறம் கேட்டான்: “அப்பாவ விடு. நீ யார நம்பின?”

லாட் நம்பினார் என்று டிசம்பரில் உங்களுக்கு எழுதினேன். அது பாதிதான். அந்த மேசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். ரே ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பான். நான் எழுந்து போய் அடுப்பில் எதையாவது கிளறுவேன். ‘உன்னைத்தாண்டா நம்பினேன், அப்பாவுக்குப் பயந்து பேசாமல் இருந்தேன்’ என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. அப்போது உங்கள் இரண்டு பத்திரங்களும் அவன் கையில் இருக்குமே என்று நினைத்தேன்.

“அந்த லெட்டர நம்பினேன்டா” என்றேன்.

அந்தப் பக்கம் எங்கேயோ நாய் குரைத்தது. யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவன் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“அங்க இன்னும் பனியா?” என்றான்.

“உருகுது. ஓரத்துல மட்டும் கெடக்கு.”

“இங்க மழ.”

“உடம்ப நனச்சிக்காத.”

சிரித்தானா இருமினானா தெரியவில்லை. “எனக்கு முப்பத்தொம்பது வயசும்மா” என்றான். பிறகு, “போன்ல எனக்குப் பேச வராது. எழுதறேன்.”

“எப்போ?”

“எழுதறேன்னு சொன்னேன்ல.”

அதுவும் லாட் சொல்வது போலவே.

மன்னிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நான் தாளில் எழுத மாட்டேன். தாளில் இருந்ததை நம்பி எங்கள் வீட்டில் இருபத்துமூன்று வருஷம் போய்விட்டது. ஆனால் இரண்டாவது பத்திரத்தை நீங்கள் அனுப்பாமல் இருந்திருந்தால், போனில் நானும் காப்பித் தூள்தான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியட்டும்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. இங்கே தபால் வண்டி பதினொரு மணிக்கு வருகிறது. எனக்கு வருவது எல்லாம் பில்லும் விளம்பரமும். கையால் முகவரி எழுதின உறை வந்தால் அது தனியாகத் தெரியும். இந்த ஆறு மாதமாக அப்படி வந்தது உங்களுடையது மட்டும்தான். இனிமேல் அப்படி ஒன்று கிடந்தால் அது அவனுடையதாக இருக்க வேண்டும். வாசற்படியிலிருந்து தெருவோரத் தபால் பெட்டிவரைக்கும் முப்பது அடி. அந்தத் தூரத்தை நடக்கும்போது எனக்குச் சந்தேகம் வரக் கூடாது.

வெர்னா